மாப்பிள்ளை வீட்டை விசாரிச்ச கதை

இந்தப் பையை உங்க காலடியில வச்சுக்கலாமா? உள்ள வேற ஒண்ணும் இல்லீங்க, சாக்லேட்டுதான். ஜெர்மனி சாக்லேட்டு. வெயில் பட்டா இளகிடும்னு நிழல் பாத்து வைக்கிறேன். ஒண்ணு எடுத்துக்குங்க. அட, சும்மா எடுத்துக்குங்க. எங்க வீட்டுக்காரரு கையாலகூட தொட மாட்டாரு, சபதம் போட்டிருக்காரு.

சபதம்னா எப்பேர்ப்பட்ட சபதம். 'நீ அந்த வெள்ளக்காரன் வீட்டு வாசப்படி மிதிச்சுட்டு வந்தீன்னா திருச்சி ஏர்ப்போர்ட்டுக்கு காரு வராது'ன்னாரு. வரல பாருங்க. வாசல்ல நின்னு நின்னு பாத்தேன், சரிதான் போங்கன்னு தஞ்சாவூர் வந்து இந்த பஸ்ஸைப் புடிச்சுட்டேன். நெல்லிமாங்குடி மேலப்பண்ணை மருமக கமலவேணி பஸ்ல வர்றான்னா ஊர்ல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க. எனக்கென்னமோ குஷியாத்தான் இருக்கு. காருல வந்தா டிரைவர்கிட்ட என்னத்தப் பேசறது? பேசினாலும் அவன் நேராப் போயி அவர்கிட்ட ஒப்பிச்சுடுவான்.

நீங்க டீச்சருங்களா? அந்தப் பேப்பர் கட்டைப் பாத்தேன். நல்லதாப் போச்சு. டீச்சர்னா பொறுமையாக் கேப்பீங்க.

விஷயம் இதுதான். எம்பொண்ணு பிருந்தா அங்க மியூனிக்ல டாக்டர். ஹென்ட்ரிக்னு ஒரு பையனைக் கட்டிக்கிறேங்குறா. நல்ல பையன், நெடுநெடுன்னு, மூக்கு மட்டும் கொஞ்சம் பெருசு. இவரு ஒத்துக்கல. ஒரு வருஷமா வீட்ல பேச்சு வார்த்தையே இல்ல. கடைசியா நான், 'போயி நேர்லயே பாத்துட்டு வர்றேன்'னு கிளம்பினேன். அதுக்கு இவரு தின்னுடுற மாதிரி ஒரு பார்வை பாத்துட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. 'பையனை விடு. குடும்பம் எப்படின்னு உன்னால விசாரிக்க முடியுமா?' அவ்ளோதான். வீட்டுக்குள்ள கால் வச்சதும் அந்தக் கேள்விதான் வந்து நிக்கும். நான் சொல்ற பதில் அவருக்குப் புடிச்சுதுன்னா தை மாசம் எங்க வாசல்ல பந்தல். புடிக்கலேன்னா அவ அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கட்டிக்குவா, இவரு சாகுற வரைக்கும் அவ மூஞ்சில முழிக்க மாட்டாரு. ஒத்தப் பொண்ணுங்க. எனக்கு அவளும் வேணும், அவரும் வேணும்.

அதனால ஒரு உதவி பண்ணுங்க. இறங்குற வரைக்கும் நீங்கதான் எங்க வீட்டுக்காரரு. நான் உங்ககிட்ட சொல்லிப் பாக்குறேன். எந்த இடத்துல கோவம் வருதுன்னு சொன்னீங்கன்னா அந்த இடத்தை மாத்திக்கிறேன். மூஞ்சிய உர்ருன்னு வச்சுக்குங்க. ஐயய்ய, சிரிக்காதீங்க, அவரு சிரிச்சதே கிடையாது.

போன மறுநாளே விசாரணையை ஆரம்பிச்சுட்டேன். நம்ம பக்கம் எப்படி விசாரிப்போம்? எதுத்த வீட்ல கேப்போம், மளிகைக் கடையில கேப்போம், டீக்கடையில ஆளை விட்டுக் கேப்போம். பையன் குடிப்பானா, ஆத்தாக்காரி வாயி எப்படி, ஏற்கெனவே எங்கயாவது பொண்ணு பாத்துத் தட்டிப் போச்சா. அதே மாதிரி பிருந்தாவ இழுத்துக்கிட்டு ஹென்ட்ரிக் இருக்குற மாடிக்குப் போயி எதுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒரு பெரியவரு திறந்தாரு. 'இந்தப் பையன் எப்படி, யாரு யாரு வந்து போறாங்கன்னு கேளுடி'ன்னேன். 'அம்மா, வேணாம்மா'ன்னா. 'நீ கேளு'ன்னேன். கேட்டா. அந்த மனுஷன் மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போச்சுங்க. பட்டுனு கதவைச் சாத்திட்டாரு.

அப்புறம் ஹென்ட்ரிக்கு சொல்லித்தான் தெரியும். அந்த ஊர்ல எதுத்த வீட்டுக்காரனைப் பத்தி வந்து கேட்டா வயசானவங்களுக்கு ஒரு பழைய பயமாம். ஹிட்லர் காலத்துல பக்கத்து வீட்டுக்காரன் சொல்ற ஒரு வார்த்தையில ஆளைத் தூக்கிட்டுப் போயிடுவாங்களாம். 'பெரியவரு இன்னிக்குத் தூங்க மாட்டாரு அம்மா'ன்னான். அம்மான்னுதான் கூப்புடுவான் என்னை, அந்த ஒரு வார்த்தை அழகா வரும், மீதியெல்லாம் பிருந்தா தமிழ்ல சொல்லணும். சரி, நம்மளால ஒரு மனுஷன் தூக்கம் கெட்டுப் போச்சேன்னு மறுநாள் அதிரசம் எடுத்துக்கிட்டுப் போனேன். அதுக்கும் திறக்கல. கதவு ஓட்டை வழியா ஒரு கண்ணு மட்டும் தெரிஞ்சுது. அந்தக் கண்ணுக்கு நேரா அதிரசத்தைக் காட்டிட்டு வந்துட்டேன்.

சிரிங்க, சிரிங்க. இந்த இடத்துல மட்டும் சிரிச்சுக்குங்க.

அப்பத்தான் ஹென்ட்ரிக்கு சொன்னான், 'என் குடும்பத்தைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்னா யார்கிட்டயும் கேக்க வேணாம் அம்மா, சனிக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன். எங்க கொள்ளுத்தாத்தா பேரு எழுதி வச்சிருக்குற இடம் ஒண்ணு இருக்கு. எங்க அம்மாவும் வருவாங்க.' எனக்கு உச்சி குளுந்து போச்சு. கொள்ளுத்தாத்தா பேரை எழுதி வச்சிருக்குன்னா என்னங்க அர்த்தம்? கோயில் கட்டியிருப்பாரு. இல்லாட்டி குளம் வெட்டியிருப்பாரு, பள்ளிக்கூடத்துக்கு இடம் குடுத்திருப்பாரு. நம்ம ஊர்ல ஒரு டியூப்லைட்டு வாங்கிக் குடுத்தாலே உபயம்னு கொட்டை எழுத்துல எழுதி வெளிச்சம் வராம பண்ணிடுறாங்க. பூட்டன் பேரு இத்தனை வருஷமா செவுத்துல இருக்குன்னா அது எப்பேர்ப்பட்ட குடும்பம். அன்னிக்கே இவருக்கு போன் பண்ணிச் சொல்லியிருப்பேன், இவருதான் எடுக்க மாட்டாரே.

சனிக்கிழமை காலையில குளிச்சு, அரக்குக் கலர் காஞ்சிப் பட்டைக் கட்டி, கெம்பு அட்டிகை போட்டு, தலையில பிளாஸ்டிக் மல்லிகைப்பூ. அங்க நெசப் பூ எங்க கிடைக்குது. ஒரு தட்டுல வாழைப்பழம், ஆரஞ்சு, தேங்காய், வெத்தலை பாக்கு, குங்குமம். முத முதல்ல அவங்க குலதெய்வத்தைப் பாக்கப் போறோம், வெறுங்கையோட போக முடியுமா? பிருந்தா நைட் டூட்டி முடிச்சு நேரா அங்க வந்துடுறேன்னுட்டா. அதனால என்னைத் தடுக்க ஆளில்ல.

காருல ஹென்ட்ரிக்கு ஒரு சாம்பக் கலர் கோட்டு, அவங்க அம்மாவும் சாம்பக் கலர் கோட்டு. அந்த அம்மா பேரு சபீனே. பாத்திரம் விளக்குற பவுடர் பேரு மாதிரி இருக்கேன்னு எனக்குள்ளயே சிரிச்சுக்கிட்டேன். ரெண்டு பேரும் என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க, தட்டையும் பாத்தாங்க. பிருந்தா இல்லாம அவங்க பேசினாலும் எனக்குப் புரியாது. சபீனே மட்டும் சீட் பெல்ட்டு போட்டதும் தட்டு சாஞ்சுடுமேன்னு வாங்கி தன் மடியில வச்சுக்கிட்டாங்க. நல்ல பொம்பள.

போயி இறங்குனா இரும்புக் கேட்டு. உள்ள ஒரே மைதானம், சரளைக் கல்லு. கோபுரமும் இல்ல, மணியும் இல்ல. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க ஒரு கூட்டம் வந்திருக்கு, ஒரு சத்தம் இல்ல. நம்ம ஊர்ல சாமி கும்புடவாவது அப்படி அமைதியா வருவாங்களா? நான் செருப்பை எங்க விடுறதுன்னு தேடுறேன். இடமே இல்ல. கேட்டு ஓரமா ஷூவைக் கழட்டி வச்சுட்டு, அந்தக் குளிருல சாக்ஸோட சரளைக் கல்லு மேல நடக்குறேன், கையில தட்டு. டிக்கெட் கவுன்ட்டர்ல இருந்த அம்மா வெளிய வந்து பாத்துச்சு. என்னமோ தோணியிருக்கும் போல, என் ஷூவை எடுத்துக்கிட்டுப் போயி உள்ள ஹீட்டர் பக்கத்துல வச்சுது.

அப்பதான் பிருந்தா ஓடி வந்தா. என்னைப் பாத்துத் தலையில கைய வச்சுக்கிட்டா. 'அம்மா, இது கோயில் இல்லம்மா. ஹிட்லர் ஆளுங்க ஜனங்களை அடைச்சு வச்சு, பட்டினி போட்டு, வேலை வாங்கியே கொன்ன இடம். இப்ப மியூசியமா வச்சிருக்காங்க'ன்னா. தட்டுல தேங்காய் ஆடுது.

இருந்தாலும் வந்துட்டோம், பாக்காமப் போனா மரியாதையா இருக்காதுன்னு உள்ள போனேன். ஒரு ரூம்ல கண்ணாடிக்குள்ள ஒரு தகரக் கிண்ணம். அடியில ஆணியால யாரோ பேரைக் கீறி வச்சிருக்கான், வேற எவனும் எடுத்துடக் கூடாதுன்னு. அவனுக்குன்னு இருந்த சொத்தே அந்த ஒரு கிண்ணம்தானாம். நான் அங்கயே நின்னுட்டேன். எங்க வீட்ல மச்சு நிறைய பித்தளையும் வெங்கலமும் கெடக்கு, ஒண்ணுலயும் கை படறதில்ல.

அதுக்கு அடுத்த ரூம்லதான் கொள்ளுத்தாத்தா. செவுத்துல பெரிய போட்டோ. ஓட்டு வீடு, முன்னாடி ரெண்டு குதிரை, மீசை வச்ச ஒரு மனுஷன். மூக்கு அப்படியே ஹென்ட்ரிக்கு மூக்கு. கீழ பேரு. ஹென்ட்ரிக்கு அதுக்குப் பக்கத்துல போயி நின்னுக்கிட்டான், எனக்கு ரெண்டு மூக்கையும் ஒண்ணாப் பாக்க முடியுது. அவன் சொல்லச் சொல்ல பிருந்தா தமிழ்ல சொல்றா.

யுத்த காலத்துல போலந்து தேசத்துல இருந்து ஆளுங்களைப் புடிச்சுக்கிட்டு வந்து பண்ணைகள்ல வேலைக்கு விட்டிருக்காங்க. இவங்க பண்ணைக்கும் ஒருத்தன் வந்திருக்கான், சின்ன வயசு. மாட்டுக் கொட்டாயில படுக்கை. ஒரு நாள் பசி தாங்காம உருளைக்கிழங்கு கொஞ்சம் எடுத்துப் பைக்குள்ள வச்சிருக்கான். கொள்ளுத்தாத்தா பாத்துட்டாரு. ரெண்டு அறை குடுத்து விட்டிருக்கலாம். அவரு போலீசுக்குச் சொல்லிட்டாரு. வந்து தூக்கிட்டுப் போயி இந்த இடத்துல அடைச்சாங்க. அந்தக் குளிர்காலம் தாண்டல அவன்.

அவன் பேரு ஸ்தானிஸ்லாவ். எப்படிச் சொல்றேன் பாருங்க. அந்த மியூசியம் இருக்குற ஊரு பேரு இன்னும் என் வாயில நுழைய மாட்டேங்குது, இந்தப் பேரு மட்டும் மனப்பாடம். ஏன்னா வருஷா வருஷம் இவங்க குடும்பம் இங்க வந்து நின்னு அந்தப் பேரைச் சத்தமாச் சொல்லுமாம். சொல்லாட்டி மறந்துடும்னு. எங்களையும் சொல்லச் சொன்னாங்க. சபீனே சொன்னாங்க, ஹென்ட்ரிக்கு சொன்னான், பிருந்தா சொன்னா, நானும் சொன்னேன். முத தடவை சரியா வரல, ஹென்ட்ரிக்கு திருத்துனான், திரும்பச் சொன்னேன். ஸ்தானிஸ்லாவ்.

இன்னொண்ணு கேளுங்க. அந்த போட்டோவும் பேரும் மியூசியத்துக்காரங்க தேடிப் புடிச்சுப் போட்டது இல்லயாம். இவன் பாட்டியே போயி, 'அது எங்க பண்ணைதான், எங்க பேரையும் எழுதுங்க'ன்னு கேட்டு வாங்கிப் போட்டாங்களாம். மானக்கேட்டைக் கேட்டு வாங்குவாங்களா யாராவது? உபயம் மாதிரி. எனக்கு அது இன்னும் புரியலைங்க.

தட்டை என்ன பண்றது? வெளிய ஒரு மேடை மாதிரி இருந்துச்சு, ஜனங்க பூ வச்சிருந்தாங்க, கல்லு வச்சிருந்தாங்க. பசியில செத்தவனுக்கு கல்லை வச்சா என்ன ஆகும்? வாழைப்பழத்தையும் ஆரஞ்சையும் அங்க வச்சேன். தேங்காயை மட்டும் வைக்கல, அது மங்கள காரியத்துக்கு. அந்த கவுன்ட்டர் அம்மா தூரத்துல இருந்து பாத்துக்கிட்டே இருந்துச்சு, எடுக்கச் சொல்லும்னு நெனச்சேன். கண்ணைத் துடைச்சுக்கிட்டு உள்ள போயிடுச்சு. எனக்கும் அழுகை வந்துச்சு. யாரு பெத்த புள்ளையோ.

கிளம்புறப்ப ஒரு கூத்து. என் ஷூவைக் குடுத்த அம்மாகிட்ட சபீனே பைபை மாதிரி அவங்க பாஷையில என்னமோ சொல்ல வாயத் திறந்தாங்க. நான் லபக்குன்னு அவங்க வாயைப் பொத்திட்டேன். எழவு வீட்ல வந்து போயிட்டு வர்றேன்னு சொல்லுவாங்களா? பேசாம எந்திரிச்சு, திரும்பிப் பாக்காம வந்துடணும். நம்ம வழக்கம் அதுதானே? பிருந்தா மன்னிப்புக் கேட்டுக் கேட்டு விளக்குறா. சபீனேயும் புரிஞ்சுக்கிட்டாங்க, உதட்டுல வெரலை வச்சுக்கிட்டாங்க. எல்லாரும் திருடனுங்க மாதிரி சத்தமில்லாம காருக்கு வந்தோம்.

அதோட விட்டேனா? சபீனே வீட்டு வாசல்ல இறங்குனதும், 'தலைக்குத் தண்ணி ஊத்தாம யாரும் உள்ள கால் வைக்கக் கூடாது'ன்னுட்டேன். எழவு வீட்டுத் தீட்டு இல்லீங்களா? தோட்டத்துல ஒரு குழாய் இருந்துச்சு, ரப்பர் டியூபு போட்டு. அந்தக் குளிருல அதை விட்டு சபீனே தலையில ஊத்துறேன், அந்த அம்மா ஊஊன்னு கத்துறாங்க, ஹென்ட்ரிக்கு குதிக்கிறான், பிருந்தா 'அம்மா நிமோனியா வந்துடும்'ங்குறா, டாக்டர் இல்லயா. பக்கத்து வீட்டுக்காரங்க வேலிக்கு மேல எட்டிப் பாக்குறாங்க. கடைசில நாலு பேரும் நனைஞ்சு நின்னு சிரிச்சோம் பாருங்க, காலையில இருந்து அமுக்கி வச்சது எல்லாம் சிரிப்பா வந்துடுச்சு. சபீனே என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாங்க. இத்தனை வருஷமா அங்க போயிட்டு வந்து ராத்திரியெல்லாம் படுத்தா ஒரு மாதிரி இருக்குமாம். குளிக்கணும்னு அவங்களுக்கு யாரும் சொல்லித் தரலயாம்.

பாத்தீங்களா, உங்களுக்கே கண்ணுல தண்ணி வந்துடுச்சு. சிரிப்புத் தண்ணிதானே? அவரா இருந்தா இந்நேரம், 'குழாயடியில கூத்தடிச்சியா'ன்னு எந்திரிச்சுப் போயிருப்பாரு. இனிமேதான் கஷ்டமான இடம். கவனமாக் கேளுங்க.

சாப்பாட்டு மேசையில ஹென்ட்ரிக்கு என்னை நேராப் பாத்துக் கேட்டான். 'என் குடும்பத்தை இப்ப விசாரிச்சுட்டீங்க அம்மா. இந்தக் குடும்பத்துக்குப் பொண்ணு குடுப்பீங்களா?' மூஞ்சி சிவந்து போயி, பாவம், பரீட்சைக்குப் போற புள்ளை மாதிரி உக்காந்திருக்கான். எனக்கு மனசு கேக்கல. 'அட, இதுக்கா இப்படி வாடிப் போயிட்டே? இது எல்லாப் பெரிய பண்ணையிலயும் நடக்குறதுதான், எங்க வீட்லயும் இருக்கு'ன்னு ஆறுதலா எங்க கதையைச் சொன்னேன்.

எங்க கதைன்னா, எங்க வீட்டுக்காரரோட தாத்தா காலத்துக் கதை. அதே யுத்த காலம்தான், அரிசிக்குத் தட்டுப்பாடு. பாலத்தடித் தெருவுல ஒருத்தன் எங்க பண்ணையாளு. களத்துல நெல்லு அடிக்கிறப்ப ஒரு படி நெல்லை வேட்டியில முடிஞ்சுட்டான். பண்ணையை மேற்பார்வை பாக்குற காரியக்காரரு புடிச்சுட்டாரு. தாத்தா ஊரைக் கூட்டி, களத்து மேட்டுத் தூண்ல கட்டி வச்சு சாட்டையால அடிச்சு, சாணிப்பால் குடுத்தாரு. அதான், சாணியைக் கரைச்சு வாயில ஊத்துறது, அந்தக் காலத்துல அதுதான் வழக்கம். அவன் மறுநாள் செத்துப் போயிட்டான். ஆனா அது அடிச்சதால இல்ல, ராத்திரி பாம்பு கடிச்சுடுச்சுன்னு எங்க மாமியார் சொல்லுவாங்க. அப்புறம் தாத்தாவே வெட்டியானுக்குச் சொல்லி அடக்கம் பண்ணக் காசு குடுத்தாருன்னும் சொல்லுவாங்க. அந்த மாதிரி மனுஷன்.

சொல்லிட்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'பாத்தியா, அங்க உருளைக்கிழங்கு, இங்க நெல்லு. ரெண்டும் பண்ணை, ரெண்டும் ஒரே காலம். இதைவிடப் பொருத்தம் வேற என்ன வேணும்? ஜாதகம் பாத்தாகூட இப்படி அமையாது'ன்னேன். நெசமாவே எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இவருக்குச் சொல்ல பதில் கிடைச்சுடுச்சு. குடும்பம் எப்படின்னு கேட்டாரில்ல? நம்ம குடும்பம் மாதிரியே. சம அந்தஸ்து. இதுல என்ன குறை சொல்ல முடியும் அவரால?

பிருந்தா அதை ஜெர்மன்ல சொல்ல மாட்டேன்னுட்டா. 'சொல்லுடி'ன்னேன். சொன்னா. சபீனே கையில இருந்த முள்கரண்டியை மெதுவாக் கீழ வச்சாங்க. ஹென்ட்ரிக்கு தட்டைத் தள்ளி வச்சான். அப்புறம் கேட்டான், 'அவர் பேரு என்ன?'

'யாரு பேரு? தாத்தா பேரா?'ன்னேன்.

'இல்ல அம்மா. அந்த மனுஷன் பேரு.'

எனக்கு எப்படிங்க தெரியும்? பண்ணையாள் பேரையெல்லாம் யாரு வச்சுக்கிட்டிருக்கா? மாமியார் சொல்றப்பவே பாலத்தடிக்காரன்னுதான் சொல்லுவாங்க. 'தெரியாதுப்பா'ன்னேன். அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டான். பிருந்தா எம்பக்கம் திரும்பி, 'அம்மா, நீ காலையில வாயில நுழையாத ஒரு பேரை நிறுத்தி நிறுத்திச் சொல்லிப் பழகினே'ன்னா. அதுக்கென்ன இப்பன்னேன். எந்திரிச்சு உள்ள போயிட்டா.

மறுநாள் வந்து சொல்லிட்டா. தீர்மானமா. 'அந்தப் பேரைத் தெரிஞ்சுக்கிட்டு வா. அவங்க வீட்ல யாராவது இருந்தா அதையும் கேட்டுட்டு வா. ஹென்ட்ரிக்கு தை மாசம் வந்து அவங்களைப் பாக்கணுங்குறான். நானும் பாக்கணும். அதுக்கு அப்புறம்தான் பந்தல், அப்பா சம்மதிச்சாலும் சரி, சம்மதிக்காட்டாலும் சரி.' கேட்டீங்களா கதையை? மாப்பிள்ளை வீட்டை விசாரிக்கப் போனேன், இப்ப அவன் எங்க வீட்டை விசாரிக்கிறான். அதுவும் எங்க போயி? பாலத்தடித் தெருவுல. நாலு தலைமுறையா எங்க வீட்டு ஆம்பளைங்க அந்தத் தெருவுக்குள்ள கால் வச்சது கிடையாது. நான் இவர்கிட்ட போயி, 'ஏங்க, உங்க தாத்தா கட்டி வச்சு அடிச்சாரே, அவன் பேரு என்ன'ன்னு கேட்டா என்ன ஆகும்? ஆனா ஒண்ணு, அங்க மாதிரி இங்க ஒரு போர்டு கிடையாது, போட்டோ கிடையாது. களத்து மேட்டுல அந்தத் தூணையும் எடுத்துட்டு பம்பு செட்டு போட்டாச்சு. அந்தப் பையன் வந்தா காட்டுறதுக்கு ஒண்ணுமே இல்ல. அதுவரைக்கும் நிம்மதி.

இப்ப நீங்க சொல்லுங்க. நீங்க அவரா இருந்தா எந்த இடத்துல கோவம் வந்துச்சு? என்னங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறீங்க. குழாயடி வரைக்கும் நல்லா சிரிச்சுக்கிட்டு வந்தீங்க. அச்சு அசல் எங்க வீட்டுக்காரரு மாதிரியே மூஞ்சிய வச்சுக்கிட்டீங்களே, போதும், விளையாட்டு முடிஞ்சுது. தண்ணி வேணுமா? வெயில்தான் ஜாஸ்தி.

பாருங்க, தஞ்சாவூர்ல இருந்து நானே பேசிக்கிட்டு வர்றேன், நீங்க எந்த ஊருன்னுகூட ஒரு வார்த்தை கேக்கல. ஊரெல்லாம் விசாரிக்கிறவ நான். எங்க இறங்கணும் நீங்க?

பாலத்தடியா?

அடுத்த ஸ்டாப்பிங்குதானே அது. அங்க அந்தத் தெரு ஒண்ணுதானே இருக்கு. ஓ. நீங்க அங்கயா? பாத்தா அப்படித் தெரியவே இல்லையே. இல்ல, நான் எதுக்குச் சொல்றேன்னா, டீச்சரா வேற இருக்கீங்க, நல்லா டீசன்ட்டா. சரி விடுங்க, அப்ப நல்லதாப் போச்சு. உங்க தெருவுல வயசானவங்க யாருகிட்டயாவது கேட்டுச் சொல்லுங்களேன், அந்த ஆளு பேரு என்னன்னு. ஒரு பொண்ணு கல்யாணம் இதுல தொங்குது. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

விசில் அடிச்சுட்டாரு. பாத்து எந்திரிங்க, பேப்பர் கட்டு விழுது. என்ன? என்ன சொல்றீங்க, ஹாரன் சத்தத்துல கேக்கல. இன்னொரு தடவை.

பக்கிரியா?

பக்கிரி. அதான் பேரா? உங்களுக்கு எப்படி... பாம்பு இல்லையா. பாம்பு கடிக்கலையா. சரி. சரிங்க. உங்களுக்கு என்ன வேணும் அவரு? அப்பாவைப் பெத்தவரா.

கண்டக்டர், கொஞ்சம் இருங்க, அவங்க இன்னும் இறங்கல. டீச்சர், சாக்லேட்டை சீட்டு மேலயே வச்சுட்டீங்க. பிரிக்கக்கூட இல்லையே. இந்தாங்க, இப்படி ஜன்னல் பக்கம் வாங்க. தை மாசம் அந்தப் பையன் வருவான், நான் உங்க வீட்டுக்கு... சரி, அது வேணாம், அதை விடுங்க. இவ்ளோ தூரம் பேசிக்கிட்டு வந்தோம். போயிட்டு வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க.

டீச்சர். திரும்பியாவது பாருங்க.

சொல்லாமயே போறாங்க.